பழைய ஏடாட் கருவி முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பழுது பார்த்தல்

அலேசிஸ் நிறுவனம் 1991 ஜனவரியில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தி, மறு ஆண்டு 3,995 டாலர் விலையில் விற்பனைக்கு விட்ட ஏடாட், எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு ட்ராக்குகளை (தனித்தனி ஒலித்தடங்களை) டிஜிட்டலாகப் பதியும் கருவி. இன்று அதில் புதிதாகப் பாட்டுப் பதிபவர் மிகச் சிலரே. அலமாரியில் கிடக்கும் பழைய கேசட்டுகளில் உள்ளதைக் கணினிக்கு ஏற்றிவிட வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலோர் அதைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கருவி போனால் இன்னொன்று கிடைக்கும். கேசட்டில் உள்ள பதிவு போனால் போனதுதான். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு சோதனையும் இந்தக் கணக்கை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன்

முதலில் கையில் இருக்கும் கேசட்டைப் பாருங்கள். முதல் தலைமுறைக் கறுப்பு முகப்புக் கருவியும் அதன் பின் வந்த எக்ஸ்டி மாடலும் 16 பிட்டில் பதிபவை. எக்ஸ்டி20, எல்எக்ஸ்20, எம்20 ஆகியவை 20 பிட்டில் பதிபவை. 20 பிட் கருவி 16 பிட் கேசட்டை வாசிக்கும். 16 பிட் கருவியால் 20 பிட் கேசட்டை வாசிக்க இயலாது. எதில் பதிந்தது என்று தெரியாத கேசட்டுகள் உங்களிடம் இருந்தால் 20 பிட் கருவியை வாங்குவதே பாதுகாப்பு. கேசட் உள்ளங்கை அளவே இருந்தால் அது ஹை-8. அதற்கு டாஸ்காம் டிஏ-88 வரிசைக் கருவி தேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான கருவியை வாங்கி வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விற்பவர் “பவர் ஆன் ஆகிறது” என்று சொன்னால் அதற்கு மேல் அவர் எதையும் சோதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரிவதற்கும் நாடா ஓடுவதற்கும் தொடர்பில்லை. நேரில் போகும்போது, போனாலும் கவலையில்லாத ஒரு எஸ்-விஎச்எஸ் கேசட்டை எடுத்துச் செல்லுங்கள். என்னுடையதில் ‘பலியாடு’ என்று எழுதியே ஒட்டியிருக்கிறேன். அதை உள்ளே விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லி, பிறகு ஐந்து நிமிடம் பார்மட் செய்து (அதாவது நாடாவைப் பதிவுக்குத் தயார்ப்படுத்தி), எட்டு ட்ராக்கிலும் ஏதாவது பதிந்து கேட்டுப் பாருங்கள். நாடாவில் எழுதி வாசிக்கும் முனைகளான ஹெட்டுகளைத் தாங்கிச் சுழலும் உருளைக்கு டிரம் என்று பெயர். அது இதுவரை சுழன்ற மொத்த மணிக்கணக்கைக் கருவியே நினைவில் வைத்திருக்கும். மாடலுக்குரிய விசைச் சேர்க்கையை முன்பே தெரிந்துகொண்டு போனால் திரையில் பார்த்துவிடலாம். என் கணக்கில் 1,000 மணிக்குள் இருந்தால் நல்ல கருவி. 2,000 தாண்டியிருந்தால், எவ்வளவு தெளிவாக ஒலித்தாலும், டிரம் தேய்மானத்துக்காக விலையைக் குறைத்தே பேச வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கருவியாக இருந்தால் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் மின்னழுத்தத்தைப் படித்துவிட்டே பிளக்கைச் சொருக வேண்டும்.

கேசட்டைப் பதிந்த அதே கருவி எங்கேனும் கிடைக்குமானால், அது எவ்வளவு அடிபட்டிருந்தாலும் அதையே வாங்குங்கள். ஏன் என்பது கரகரப்பு பற்றிய பகுதியில் வரும்.

அறிகுறி: கருவிக்கு உயிரே இல்லை

பவர் கம்பியையும் சுவர்ப் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். அடுத்து ஃப்யூஸ். அதே மதிப்புள்ள புது ஃப்யூஸ் போட்டதும் அதுவும் எரிந்துபோனால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். பவர் சப்ளையில் ஏதோ ஒரு பாகம் ஷார்ட் ஆகியிருக்கிறது. இத்தனை ஆண்டுப் பழைய கருவியில் முதல் சந்தேகம் மின்தேக்கிகள் மீதுதான். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பகுதியில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் இது வீட்டில் செய்யும் வேலையன்று. ஆனால் டிவி, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் எந்த நல்ல மெக்கானிக்கும் செய்துவிடக்கூடியது; ஏடாட் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அறிகுறி: கேசட்டை வாங்கியதும் துப்பிவிடுகிறது, அல்லது விழுங்கிவிட்டுத் தர மறுக்கிறது

*துப்பிவிட்டால்*, முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கருவி எங்கிருந்து வந்தது? குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ புழுக்கமான அறைக்கு வந்த கருவியின் டிரம்மில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி படியும். அதில் நாடா ஒட்டிக்கொண்டால் சுற்றிச் சிக்கிக் கிழியும். இரண்டு மணி நேரம் சும்மா வைத்திருந்து பிறகு முயலுங்கள். அதற்குப் பின்னும் துப்பினால் வேறொரு கேசட்டால் சோதியுங்கள். கேசட்டின் முன்மூடி வளைந்திருப்பதும், சுருள் தளர்ந்திருப்பதும் போதிய காரணங்களே.

இரண்டு கேசட்டையும் துப்பினால் மேல்மூடியைத் திறந்து, பலியாட்டை விட்டு, உள்ளே நடப்பதைப் பாருங்கள். நாடாவை இழுத்து டிரம்மில் சுற்றும் தூண்கள் பாதி வழி வந்து தயங்கித் திரும்பினால், இயக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கருவிக்குச் சொல்லும் மோட் ஸ்விட்ச் அழுக்கடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது எளிய வேலை. ஆனால் திரும்பப் பொருத்தும்போது பல்சக்கரங்களின் குறிகள் ஒரு பல் கூட மாறக் கூடாது. கழற்றுமுன் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளும் பொறுமை இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

*விழுங்கிவிட்டால்*, ஒருபோதும் இழுக்காதீர்கள். எஜெக்ட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதும் இழுப்பதற்குச் சமம். பவரை அணைத்து, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, நாடா டிரம்மைச் சுற்றியிருக்கிறதா, கேசட்டுக்குள் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். உள்ளே திரும்பியிருந்தால் லோடிங் மோட்டாரை விரலால் மெதுவாகச் சுழற்றிக் கேசட்டை வெளியே கொண்டுவரலாம். நாடா இன்னும் டிரம்மைச் சுற்றியிருந்து, அந்தக் கேசட் உங்களுக்கு வேண்டியதாகவும் இருந்தால், மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு அப்படியே கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டிய தருணம் அதுதான். பலியாடாக இருந்தால் கத்தரிக்கோலே போதும்.

அறிகுறி: ரீவைண்ட் தள்ளாடுகிறது, பாதியில் நிற்கிறது, பிழை எண் காட்டுகிறது

பிழை எண்ணைத் தேடிக் குழம்புவதை விடக் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது. ரீவைண்ட் தொடங்கியதும் ‘சர்ர்’ என்று ரப்பர் வழுக்கும் மெல்லிய ஓசை வந்து, எண்கள் நகராமல் நின்று, பிறகு திடுமென ஓடத் தொடங்கினால் காரணம் ஐட்லர் டயர்: ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குத் தாவி இழுவிசையைக் கொடுக்கும் சிறு ரப்பர் வளையம். கறுப்பு முகப்புக் கருவிகளில் வயதால் வரும் கோளாறுகளில் முதலிடம் இதற்கே.

முதலில் கேசட்டை மாற்றிப் பாருங்கள். ஒரே ஒரு கேசட்டில் மட்டும் நின்றால் நாடா இறுகிச் சுற்றியிருக்கிறது அல்லது பிசுபிசுத்துவிட்டது. கருவி மீது குற்றமில்லை. எல்லாக் கேசட்டிலும் நின்றால் டயரின் ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு மிக லேசாகத் துடைக்கலாம். சில வாரம் பிழைத்திருக்கும். நிலையான தீர்வு டயரை மாற்றுவதுதான். பாகத்தின் விலை சிறிது. அதை எட்ட எத்தனை ஸ்குரூவைக் கழற்ற வேண்டியிருக்கிறது என்பதில்தான் உழைப்பு. மாற்றும்போது சுருள் மேடைகளின் பிரேக் பட்டைகளையும் பாருங்கள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காத பிரேக், நாடாவைத் தளரவிட்டு மடிக்கும். மடிந்த இடம் திரும்ப நிமிராது.

இந்தப் பழுது சரியாகும் வரை வேண்டிய கேசட்டை ரீவைண்ட் செய்ய அந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி: ஒலி கரகரக்கிறது, துண்டு துண்டாக விழுகிறது

பலரும் வந்து நிற்பது இங்கேதான். அவசரப்பட்டு டிரம் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் இங்கேதான். கறுப்பு முகப்புக் கருவியின் திரையில் வலக்கோடியில் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. வாசித்ததில் திருத்த முடியாத பிழை வந்து, கருவி ஊகித்து நிரப்பும்போதெல்லாம் அந்தப் புள்ளி மின்னும். அரை மணி நேரத்தில் ஓரிருமுறை மின்னுவது வாழ்க்கை நடைமுறை. தொடர்ந்து எரிந்தால் நோய். காதுக்குக் கேட்குமுன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால், கணினிக்கு ஏற்றும் நேரம் முழுவதும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருங்கள்.

*கேசட்டா, கருவியா?* பலியாட்டைப் புதிதாக பார்மட் செய்து, அதே கருவியில் பதிந்து, கேளுங்கள்.

பலியாடு தெளிவாக ஒலித்து, பழைய கேசட் மட்டும் குழறினால், கேசட்டின் சாளரத்தில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கரும்பழுப்பு விளிம்பின் மேல் திருநீறு தூவியதுபோல் வெண்மை படிந்திருந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களில் பீரோவுக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்த கேசட்டுகளில் இது சாதாரணம். அதை ஓட்டினால் ஹெட்டில் அப்பி, அடுத்து விடும் ஒவ்வொரு கேசட்டையும் கீறும். நாடாவைத் தனியே சுத்தம் செய்யும் வசதி உள்ளவரிடம் அனுப்புவதைத் தவிர வழியில்லை. கேசட்டைச் சூடேற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால், அது பிசுபிசுத்துப்போன அனலாக் ஸ்பூல் நாடாக்களுக்கான வைத்தியம் என்பதை நினைவில் வையுங்கள். பூஞ்சைக்கு அது மருந்தன்று.

பூஞ்சையும் இல்லை, வேறு கருவியில் பதிந்த கேசட் மட்டும் குழறுகிறது என்றால், பதிந்த கருவியின் நாடாப் பாதையும் உங்கள் கருவியின் நாடாப் பாதையும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் எது சரி என்பதைக் கண்டுபிடிக்க மூன்றாவது ஒரு கருவி வேண்டும். அன்று பதிந்த கருவியே கோணலாக இருந்திருந்தால், இன்று அதே கோணலுடன் அதுவேதான் அந்தக் கேசட்டை நன்றாக வாசிக்கும். மேலே அந்தக் கருவியையே வாங்கச் சொன்னது இதற்காகத்தான். நாடாவை வழிநடத்தும் தூண்களின் தலையில் திருக வசதியாக ஒரு காடி இருக்கும், கை பரபரக்கும். தொடாதீர்கள். ஆசிலோஸ்கோப்பும் அளவுகோல் நாடாவும் இல்லாமல் அதைத் திருகியவர் எவரும் பழைய நிலைக்குத் திரும்பியதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் உங்கள் கேசட்டின் கோணலுக்கு ஏற்பத் தூண்களைத் தற்காலிகமாகத் திருத்தி, பதிவை ஏற்றி முடித்ததும் திரும்பச் சரியாக்கித் தர முடியும்.

*பலியாடும் குழறினால்* ஹெட்டைச் சுத்தம் செய்யும் நேரம். கடையில் கிடைக்கும் கிளீனிங் கேசட்டை நான் பயன்படுத்துவதில்லை; உலர் வகை ஹெட்டைத் தேய்க்கிறது, ஈர வகை அழுக்கை இடம் மாற்றுகிறது. கையால் செய்வது இப்படி:

பவரை அணைத்து, கம்பியைப் பிடுங்கி, மூடியைத் திறவுங்கள். நூல் உதிராத மான்தோல் துண்டை அல்லது அது ஒட்டிய குச்சியை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் படியும்படி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையின் விரல் நுனியால் டிரம்மின் மேல்தட்டைப் பிடித்து மெதுவாகப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். அசைய வேண்டியது டிரம், துணியன்று. மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை இழுத்தாலும் மயிரிழை அளவுள்ள ஹெட் முனை ஒடிந்துவிடும். அத்துடன் கருவியின் கதை முடிந்தது. காதுக் குச்சியின் பஞ்சு இழை முனையில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அதை டிரம் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டுக்கும் அசையாத தூண்களுக்கும் அது போதும். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பரை ஆல்கஹாலில் ஊறவைத்தால் வெடிக்கும்; ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். கால் மணி நேரம் கழித்தே பவர் கொடுங்கள்.

துணியில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் நல்ல செய்தி. அழுக்கே இல்லாமல், சுத்தம் செய்த பின்னும் புள்ளி எரிந்துகொண்டே இருந்து, மணிக்கணக்கும் அதிகமாக இருந்தால் டிரம் தேய்ந்திருக்கிறது. புது டிரம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பொருத்திய பின் நாடாப் பாதையை முழுதாகச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவில், மணிக்கணக்குக் குறைந்த இன்னொரு கருவியே வந்துவிடும் என்பதால், நான் இந்தக் கட்டத்தில் பழுது பார்ப்பதில்லை. பழையதைப் பாகங்களுக்காக வைத்துக்கொள்கிறேன்.

அறிகுறி: ஒரே ஒரு ட்ராக் மட்டும் மௌனம்

இதற்கும் ஹெட்டுக்கும் சம்பந்தமில்லை. ட்ராக்குக்கு ஒரு ஹெட் என்று இதில் தனியாக இல்லாததால், ஹெட் கெட்டால் ஒரே ஒரு ட்ராக் மட்டும் கெடாது. ஒவ்வொரு ட்ராக்குக்கும் நாடாவில் ஒரு தனிப் பட்டையை ஒதுக்கும் பழைய அனலாக் ஸ்பூல் கருவியில் பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

கம்பியைப் பக்கத்து ட்ராக்குக்கு மாற்றுங்கள். மௌனமும் கூடவே நகர்ந்தால் கம்பிதான். நகரவில்லையென்றால் ஆப்டிக்கல் அவுட்டிலிருந்து (எட்டு ட்ராக்கையும் ஒளிக்கம்பி வழியே டிஜிட்டலாகத் தரும் துளை) கணினிக்கு எடுத்துப் பாருங்கள். அங்கே எட்டாவது வரை எல்லாம் வந்தால் பழுது அனலாக் வெளியீட்டுப் பகுதியில் மட்டுமே இருக்கிறது, உங்கள் காரியம் அதனால் தடைப்படாது. ஆப்டிக்கலிலும் வரவில்லையென்றால் அந்த ட்ராக்கில் பதிவே இல்லாமல் இருக்கலாம். ஒரு நாள் முழுக்க நான் இப்படி மல்லுக்கட்டிய மூன்றாம் ட்ராக், அந்தப் பாட்டில் அன்று யாருமே பயன்படுத்தாத ட்ராக். கேசட் அட்டையில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

எல்லா ட்ராக்குமே ஒலி குறைவாக வந்தால் பழுதில்லை. கால் அங்குல ஜாக்குகள் வீட்டு அளவிலும், 56 முனைப் பெரிய இணைப்பி ஸ்டூடியோ அளவிலும் ஒலி தருகின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 12 டெசிபெல் வேறுபாடு உண்டு.

அறிகுறி: பாட்டு சுருதி ஏறி, வேகமாக ஓடுகிறது

கறுப்பு முகப்புக் கருவியின் இயல்பான மாதிரி வீதம், அதாவது நொடிக்கு ஒலியை அளந்து பதியும் வேகம், 48 கிலோஹெர்ட்ஸ். சிடிக்கு உரிய 44.1 வேண்டியவர்கள் பிட்ச் பொத்தானால் 147 சென்ட் (நூறு சென்ட் ஒரு செமிடோன், அதாவது அரைச் சுரம்) இறக்கிவிட்டுப் பதிந்தார்கள். அப்படிப் பதிந்ததை நேராக ஓட்டினால் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறி ஒலிக்கும். பிட்சை −147க்கு இறக்கினால் சரியாகும். ஏற்கெனவே 48இல் ஏற்றிவிட்டீர்கள் என்றால் திரும்ப ஓட்ட வேண்டாம். கோப்பின் மாதிரி வீதத்தை, மறுகணக்கிடாமல், 44.1 என்று அறிவித்தாலே போதும்.

அறிகுறி: ஹெட்போனில் சுத்தம், கணினியில் ‘டிக் டிக்’

விட்டு விட்டு வரும் இந்த டிக் ஓசைக்குக் காரணம் பெரும்பாலும் மாதிரிகளின் வேகத்தை நிர்ணயிக்கும் உள் கடிகாரம். ஒலியைக் கணினிக்குள் வாங்கும் பெட்டியான இன்டர்ஃபேஸ் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஆப்டிக்கல் உள்ளீட்டைப் பின்பற்றும்படி மாற்றுங்கள். மாற்றியும் வந்தால் ஆப்டிக்கல் கம்பியை மாற்றுங்கள். ஒருமுறை கூர்மையாக மடிந்த கம்பி பிறகு நம்பத் தகாதது. இன்டர்ஃபேஸின் அந்தத் துளை ஆப்டிக்கல் எஸ்பிடிஐஎஃப் என்ற வேறொரு டிஜிட்டல் முறையிலும் இயங்கக்கூடியதானால், அது ஏடாட் முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அறிகுறி: பதிய மறுக்கிறது

கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருக்கும். பலியாடானால் மேலே டேப் ஒட்டுங்கள். வேண்டிய கேசட்டானால் உடைந்தே இருக்கட்டும், உடையாததையும் இன்றே உடைத்துவிடுங்கள். பார்மட் ஆகாத நாடாவும் பதியாது. தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நேரம் காட்டாமல் வேறு சொற்கள் தெரிவது பழுதன்று. நாடாவின் முகப்புப் பகுதி அப்படித்தான்.

அறிகுறி: இரண்டு கருவிகள் ஒன்றையொன்று பிடிக்கவில்லை

பதினாறு ட்ராக் பதிவு என்றால் இரண்டு கேசட், இரண்டு கருவி, நடுவே இரண்டையும் ஒன்றாக ஓடவைக்கும் ஒன்பது முனை சிங்க் கம்பி. கணினிக் கடையில் வாங்கிய சீரியல் கம்பி உருவத்தில் பொருந்தும். உள்ளிணைப்பு பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. முதல் கருவியின் அவுட்டிலிருந்து இரண்டாவதன் இன்னுக்குப் போகிறதா என்று பார்த்து, இரண்டையும் அணைத்து, ஒன்றாகப் பவர் கொடுங்கள். பிறகும் இரண்டாவது கருவி பிடிக்க நெடுநேரம் திணறினால் மேலே சொன்ன ஐட்லருக்கும் பிரேக்குக்கும் திரும்பிப் போங்கள்.

ஒரு கருவிதான் இருக்கிறது என்றாலும் கவலையில்லை. ஆப்டிக்கல் வழியாக, கருவியின் கடிகாரத்தைப் பின்பற்றி, இரண்டு கேசட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுங்கள். பாட்டின் நீளம் இரண்டு கோப்பிலும் மாதிரி எண்ணிக்கையில் ஒன்றாகவே இருக்கும் என்பதால், தொடக்கத்தை ஒருமுறை பொருத்திவிட்டால் முடிவு வரை விலகாது. அனலாக் ஜாக் வழியாக எடுத்தால் மெல்ல விலகிக்கொண்டே போகும். பொருத்துவதற்கு இரண்டிலும் கேட்கும் ஒரே ஒலி வேண்டும். பாட்டு தொடங்குமுன் டிரம் வாசிப்பவர் குச்சிகளைத் தட்டி எண்ணும் நாலு தட்டு, பாடகரின் மைக்கிலோ ஹெட்போனிலிருந்து கசிந்த தடமாகவோ இரண்டாம் கேசட்டிலும் பெரும்பாலும் இருக்கும். ஒலியை நன்றாக ஏற்றிக் கேளுங்கள்; கிடைத்த முதல் தட்டின் முனையை மற்றதன் முனையோடு வைத்துவிட்டு, கடைசிச் சரணத்துக்குப் போய் ஒருமுறை சரிபாருங்கள்.